கைவேலை நேரம்: வெடிச்சாத்தான் அழகு!

புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரில் வெடிப்பு விழுந்தால் பெயின்டரோடு சண்டை வரும். அதே வெடிப்பு ஒரு போட்டோ ஃபிரேமில் இருந்தால் ‘ஆன்டிக் லுக்’ என்று சொல்லிக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். “என்னடி இது, இப்பதானே பூசினே, அதுக்குள்ள வெடிச்சுப்போச்சு?” என்று பாட்டி பதறினால், “வேணும்னுதான் வெடிக்க விட்டிருக்கு பாட்டி” என்று பேத்தி பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கிராக்கிள் பெயின்ட்டிங் செய்யும் பல வீடுகளில் நடக்கும் உரையாடல்தான் இது.

ஹேண்ட்மேட் பேப்பரில் வாழ்த்து அட்டை, ஆல்பம், ஃபிரேம் செய்கிறவர்களிடம் இந்த வெடிப்பு வண்ணத்துக்கு எப்போதும் மவுசு உண்டு. குறிப்பாக, அப்பா அம்மாவின் சஷ்டியப்தபூர்த்திக்குப் பரிசு செய்யும்போது. பீரோவின் அடியிலிருந்து ஓரம் மஞ்சளித்த கறுப்பு வெள்ளைக் கல்யாண போட்டோ ஒன்று கிடைக்கும். பளபளக்கும் பிளாஸ்டிக் ஃபிரேமில் அதை வைத்தால் ஒட்டவே ஒட்டாது. அந்தப் போட்டோவின் வயதுக்கு ஏற்ற ஃபிரேமாக இருக்க வேண்டும் என்று தேடும்போதுதான் கிராக்கிள் வீடியோ கண்ணில் படும். முப்பது விநாடியில் ஃபெவிகால் பூசி, மேலே வெள்ளை அடித்து, படபடவென்று வெடிப்பு விழுந்துவிடும்.

வீட்டில் செய்து பார்த்தால் மூன்றில் ஒன்று நடக்கும். வெடிப்பே வராது. அல்லது, வெடிப்போடு பெயின்ட்டும் சேர்ந்து உரிந்து வரும். அல்லது, காகிதம் பொரித்த அப்பளம் போல வளைந்து நிற்கும். விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது இப்படி ஆனால் அழுகைதான் வரும். வீடியோ பொய் சொல்லவில்லை. ஆனால் அதில் வெட்டி எடுக்கப்பட்ட காத்திருக்கும் நேரத்தில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது.

ஏன் வெடிக்கிறது?

தண்ணீர் வற்றிய ஏரியைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மேல் மண் முதலில் காய்ந்து சுருங்கப் பார்க்கும். அடியில் இருக்கும் ஈர மண் அதற்கு ஈடாகச் சுருங்காது. இழுபறி தாங்காமல் மேல் மண் பாளம் பாளமாக வெடிக்கும். கிராக்கிள் பெயின்ட்டிலும் அதேதான். அடியில் ஒரு நிறம் நன்றாகக் காய்ந்திருக்கும். அதன் மேல் பசை பாதி காய்ந்த நிலையில் இருக்கும். பசைக்கு மேலே பூசிய பெயின்ட் வேகமாகக் காய்ந்து சுருங்கும்போது, வழுக்கிக்கொடுக்கும் பசையின் மேல் நிற்க முடியாமல் பிளந்துகொள்ளும். அந்தப் பிளவு வழியாக அடி நிறம் எட்டிப் பார்க்கும்.

இதைப் புரிந்துகொண்டால் பாதித் தவறுகளுக்குக் காரணம் தானாகவே தெரிந்துவிடும். பசை முழுவதும் காய்ந்துவிட்டால் வழுக்க ஒன்றும் இல்லை, வெடிப்பும் இல்லை. பசை பாலாக ஈரமாக இருந்தால் மேல் பெயின்ட் அதில் கலந்து குழம்பிவிடும். மேல் பெயின்ட்டைத் தடிமனாகப் பூசினால் பெரிய பாளங்களும் அகலமான வெடிப்புகளும் வரும். மெலிதாகப் பூசினால் முட்டை ஓட்டில் விழுவது போன்ற நுணுக்கமான கோடுகள் வரும். பிரஷ்ஷை ஒரே திசையில் இழுத்தால் வெடிப்பும் பெரும்பாலும் அந்தத் திசையிலேயே நீளும். ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிப் பூசினால் வலை பின்னியது போல எல்லாத் திசையிலும் பரவும்.

சீனாவில் சோங் அரச வம்சக் காலத்துக் குயவர்கள், அதாவது 960-க்கும் 1279-க்கும் இடையில் வாழ்ந்தவர்கள், பாத்திரத்தின் மேல் பூசும் பளபளப்புப் பூச்சில் விழும் வெடிப்பைக் குறையாக நினைக்காமல் அலங்காரமாகவே எடுத்துக்கொண்டார்கள். ‘கே’ வகைப் பாத்திரங்களில் கறுப்பாகத் தெரியும் பெரிய வெடிப்பும் பொன்னிறமான சிறு வெடிப்பும் சேர்ந்திருப்பதைச் சீனர்கள் ‘தங்க நூல், இரும்புக் கம்பி’ என்று அழைக்கிறார்கள். அங்கும் காரணம் சுருக்கம்தான். சூளையிலிருந்து எடுத்த பாத்திரம் ஆறும்போது மண்ணைவிட மேல்பூச்சு அதிகமாகச் சுருங்குகிறது.

காகிதம்தான் தகராறு

மரப்பெட்டியிலோ மண் பானையிலோ கிராக்கிள் செய்வது எளிது. அவை அசையாது. காகிதம் அசையும். அதிலும் ஹேண்ட்மேட் பேப்பர் நிறையவே அசையும்.

நல்ல ஹேண்ட்மேட் பேப்பர் மரக்கூழில் செய்வதல்ல. பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் பருத்தித் துண்டுகளையும் பழைய பருத்தித் துணிகளையும் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, அழுத்தித் தண்ணீரைப் பிழிந்து, உலர்த்தி எடுப்பார்கள். புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் காகிதத் தொழிற்கூடம் 1959-லிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறது. ஜெய்ப்பூருக்கு அருகில் சாங்கானேரில் ‘காக்ஸி’ குடும்பத்தினர் பல தலைமுறையாகச் செய்கிறார்கள். அந்தச் சாங்கானேரில் உள்ள தேசியக் காகித நிறுவனத்துக்கு ஒரு தஞ்சாவூர்க்காரரின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அவர் ஜே.சி. குமரப்பா, 1892-ல் தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர். 1934-ல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்தியவர். கையால் காகிதம் செய்வது அந்தச் சங்கம் மீட்டெடுக்கப் பாடுபட்ட தொழில்களில் ஒன்று.

பருத்தி இழை நீளமானது என்பதால் இந்தக் காகிதம் கசக்கினாலும் எளிதில் கிழியாது. ஆனால் பருத்தித் துணி போலவே தண்ணீரை உறிஞ்சும். ஃபெவிகாலை அப்படியே பூசினால், பசையில் இருக்கும் ஈரத்தைக் காகிதம் குடித்துவிடும். மேலே வழுக்கும் படலம் மிஞ்சாது. வெடிப்பு வராததற்கு முக்கியக் காரணம் இதுதான். ஈரம் குடித்த பக்கம் உப்பி, மறுபக்கம் அப்படியே இருப்பதால் காகிதம் வளைந்தும் போகும்.

ஆகவே முதல் வேலை காகிதத்தின் வாயை அடைப்பது. 200 ஜிஎஸ்எம் அல்லது அதற்கு மேல் கனமுள்ள தாளாக எடுத்துக்கொள்வது நல்லது. அதை மவுன்ட் போர்டிலோ கெட்டியான அட்டையிலோ மெலிதாகப் பசை தடவி ஒட்டி, மேலே ஒரு பழைய செய்தித்தாளைப் போட்டு, கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு இரவு விட வேண்டும். மறுநாள் ஃபெவிகாலில் அதே அளவு தண்ணீர் கலந்து ஒரு பூச்சு. அது காய்ந்ததும் இன்னொன்று. அட்டையின் பின்பக்கமும் ஒரு பூச்சு கொடுத்தால் இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும், வளையாது. ஜெஸ்ஸோ கையில் இருந்தால் பசைத் தண்ணீருக்குப் பதில் அதையே பூசலாம். இந்தப் பூச்சு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். சொட்டு முத்தாக நின்றால் சரி. உள்ளே இறங்கினால் இன்னொரு பூச்சு தேவை.

இப்போது பெயின்ட்

அடி நிறமும் மேல் நிறமும் நன்றாக மாறுபட வேண்டும். பழைய கதவு போலத் தெரிய அடியில் காப்பிக்கொட்டை நிறம், மேலே பால் வெள்ளை. செட்டிநாட்டு வீட்டுச் சுவர் போல வேண்டும் என்றால் அடியில் செங்கல் சிவப்பு, மேலே வெளிர் நீலம். கல்யாண போட்டோவுக்கு அடியில் பொன்னிற மெட்டாலிக், மேலே கருஞ்சிவப்பு வைத்தால் கூரைப்புடவை போலவே இருக்கும். இளநீலத்துக்கு அடியில் வெள்ளை என்றெல்லாம் போனால் வெடித்தும் வெடிக்காதது போலத்தான் தெரியும்.

அடி நிறத்துக்கு எந்த அக்ரிலிக்கும் சரி. அது முழுவதும் காயட்டும், குறைந்தது ஒரு மணி நேரம். பிறகு ஃபெவிகாலைத் தண்ணீர் கலக்காமல், அடி நிறம் வெள்ளைக்குள் மறைகிற அளவுக்குத் தாராளமாக, ஒரே திசையில் பூச வேண்டும். கடையில் கிராக்கிள் மீடியம் என்றே விற்கிறார்கள். அதுவும் இதே வேலையைத்தான் இன்னும் ஒழுங்காகச் செய்கிறது. அதற்கென்று காத்திருக்கும் நேரம் பாட்டிலிலேயே அச்சாகி இருக்கும். முதன்முறை செய்கிறவர்கள் அதை வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

இனிதான் முக்கியமான கட்டம். பசை எப்போது தயார்? கடிகாரத்தைப் பார்த்துப் பயனில்லை. ஓரத்தில் விரலை லேசாக வைத்து எடுக்க வேண்டும். விரல் ஒட்டிப் பிரிய வேண்டும், ஆனால் விரலில் பசை வரக் கூடாது. பாகு வைக்கிறவர்களுக்குக் கம்பிப் பதம் எப்படிக் கைக்குத் தெரியுமோ, அப்படித்தான் இதுவும். மதுரை வெயிலில் ஐந்து நிமிடத்திலேயே அந்தப் பதம் வந்துவிடலாம். ஐப்பசி மழையில் சென்னையில் அரை மணி நேரம் ஆனாலும் வராது. அதனால்தான் ‘பத்து நிமிடம் காத்திருக்கவும்’ என்ற வீடியோக் குறிப்பு ஒரு வீட்டில் பலிக்கிறது, இன்னொரு வீட்டில் கைவிடுகிறது.

பதம் வந்ததும் மேல் நிறத்தைப் பூச வேண்டும். பிரஷ்ஷில் நிறைய எடுத்து, ஒரே இழுப்பு, அடுத்த இழுப்பு அதற்குப் பக்கத்தில். பூசிய இடத்துக்குத் திரும்பிப் போகவே கூடாது. கோலத்தில் விட்டுப்போன புள்ளியைச் சேர்ப்பது போல ஒரு டச்-அப் செய்யக் கை பரபரக்கும். அந்த ஒரு டச்-அப் பசையையும் பெயின்ட்டையும் கலக்கிவிடும், அந்த இடத்தில் வெடிப்புக்குப் பதில் சேறுதான் மிஞ்சும். விட்டுப்போன இடம் இருந்தால் இருக்கட்டும். பழைய பொருளில் எல்லாம் சீராகவா இருக்கிறது?

மேல் நிறத்துக்கு எந்தப் பெயின்ட் என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. விலை உயர்ந்த ஆர்ட்டிஸ்ட் அக்ரிலிக்கில் பிணைப்புப் பொருள் அதிகம். காய்ந்தால் ரப்பர் போல வளைந்துகொடுக்கும், வெடிக்க மறுக்கும். துணியில் பூசும் பெயின்ட்டும் அப்படியே. துவைத்தாலும் வெடிக்கக் கூடாது என்பதற்காகவே செய்யப்பட்டது அது. அதை வைத்து வெடிப்பு வரவில்லை என்று வருத்தப்படுவதில் நியாயமில்லை. சாதாரண மேட் ஃபினிஷ் கிராஃப்ட் பெயின்ட் நன்றாக வெடிக்கும். அதில் ஒரு சிட்டிகை சாக்பீஸ் தூள் சேர்த்தால் இன்னும் நன்றாக வெடிக்கும். செலவு குறைந்த பெயின்ட்டே இங்கே ஜெயிக்கிறது என்பது வீட்டு பட்ஜெட்டுக்கு நல்ல செய்தி.

சில நிமிடங்களில் முதல் கோடு தெரியும். அவசரம் என்றால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடிக்கலாம். பக்கத்தில் கொண்டுபோனால் பெயின்ட் கொப்புளம் போடும். வெடிப்பு விழுந்து முடிந்த பிறகும் ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வைப்பது நல்லது. மேலே கெட்டியாக இருந்தாலும் வெடிப்புக்குள் பசை இன்னும் இளகியே இருக்கும்.

பழைய தோற்றம் கூட வேண்டுமானால், காய்ந்த பின் வெடிப்புகளுக்குள் அழுக்கு ஏற்றலாம். அடர் பழுப்பு நிற சாஃப்ட் பேஸ்டலைத் தூளாக்கி, பஞ்சில் தொட்டுத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டால் போதும். காப்பித் தூள் டிகாஷன் தடவும் வழக்கமும் இருக்கிறது. நம் ஊர் ஈரக்காற்றில் அது பூஞ்சை பிடிக்க வாய்ப்பிருக்கிறது என்பதால் தவிர்ப்பதே மேல்.

வெடிப்பால் ஏமாற்றியவர்

வெடிப்புக்குள் அழுக்கு ஏற்றும் இந்த வித்தையால் உலகத்தையே ஏமாற்றியவர் ஒருவர் உண்டு. நெதர்லாந்து ஓவியர் ஹான் வான் மேஹெரன். பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் வெர்மீரின் பாணியில் தானே வரைந்து, வெர்மீர் வரைந்தது என்று விற்றார். புது ஓவியத்தில் முந்நூறு வருடத்து வெடிப்பு எப்படி வரும்? பெயின்ட்டில் செயற்கைப் பிசின் கலந்து, அடுப்பில் வைத்துச் சுட்டு இறுக வைத்தார். பிறகு கேன்வாஸை உருளையில் சுற்றி வெடிக்கச் செய்து, வெடிப்புகளில் கறுப்பு மை ஏற்றினார். நிபுணர்களே நம்பினார்கள். நாஜித் தலைவர் கோரிங்குக்கு நாட்டின் கலைச்செல்வத்தை விற்றார் என்று 1945-ல் அவர் கைதானபோது, ‘அது வெர்மீர் இல்லை, நான் வரைந்தது’ என்று தானே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. 1947-ல் ஓராண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. அதை அனுபவிக்கும் முன் அதே ஆண்டு இறந்துபோனார்.

கிராக்கிள் ஃபிரேம் செய்து ஆன்லைனில் விற்கிறவர்களுக்கும் இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. ‘ஆன்டிக்’ என்று மட்டும் போட்டால், நிஜமாகவே பழைய பொருள் என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. ‘ஆன்டிக் ஃபினிஷ், கையால் செய்தது’ என்று தெளிவாக எழுதுவது பின்னால் வரும் தகராறைத் தவிர்க்கும்.

போட்டோ பத்திரம்

ஃபிரேம் சரியாக வந்தால் எல்லாம் முடிந்துவிடவில்லை. வீட்டில் இருக்கும் ஒரே கல்யாண போட்டோவை அதில் வைப்பது பெரிய ஆபத்து. பழைய போட்டோவின் மேல் படலம் ஜெலட்டின். ஈரம் பட்டால் இளகி, எதன் மேல் படுகிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளும். ஃபெவிகாலும் ஈரக்காற்றில் மறுபடி பிசுபிசுக்கும் குணம் கொண்டது. இரண்டும் சேர்ந்தால் மழைக்காலத்தில் போட்டோவின் முகமே உரிந்து வரலாம். அது போனால் போனதுதான், இன்னொரு பிரதி எங்கும் கிடைக்காது. போட்டோவை நல்ல ரெசல்யூஷனில் ஸ்கேன் செய்து, மேட் பேப்பரில் பிரின்ட் எடுத்து, அந்தப் பிரதியை ஃபிரேமில் வைத்துவிட்டு, அசலைப் பட்டர் பேப்பரில் சுற்றி மறுபடி பீரோவுக்கே அனுப்பிவிடலாம். ஆல்பம் என்றால், கிராக்கிள் செய்த அட்டைக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் ஒரு பட்டர் பேப்பர் அவசியம்.

பிசுபிசுப்பைத் தடுக்க மேலே வார்னிஷ் தேவை. தண்ணீரில் கரையும் வார்னிஷ்ஷைப் பிரஷ்ஷால் அழுத்திப் பூசினால், வெடிப்புக்குள் இருக்கும் பசை மறுபடி கரைந்து வெண்மையாகும். ஸ்பிரே வார்னிஷ் இரண்டு மெல்லிய பூச்சுகளாக அடிப்பது பாதுகாப்பானது. அதை மொட்டைமாடியில் மாஸ்க் போட்டு அடிக்க வேண்டும். அடுப்பு எரிகிற சமையலறைப் பக்கம் கூடவே கூடாது, அந்த வாயு தீப்பிடிக்கும்.

மடிக்கிற வாழ்த்து அட்டையில் இந்த முறை சரிவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மடிப்பில் பெயின்ட் பொலபொலவென்று உதிரும். தனி அட்டைத் துண்டில் கிராக்கிள் செய்து, அதை வாழ்த்து அட்டையின் முகப்பில் ஒட்டுவதுதான் வழி.

குட்டீஸுக்கு வேறு வழி

பசை, பதம், காத்திருப்பு எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குச் சரிப்படாது. அவர்களுக்கு மெழுகு கிரேயான் போதும். ஹேண்ட்மேட் பேப்பரில் இடைவெளியே இல்லாமல் கிரேயானை அழுத்தித் தேய்த்து, தாளைப் பந்து போலக் கசக்கி, பிரித்து, மறுபடி கசக்க வேண்டும். மெழுகில் நூற்றுக்கணக்கான வெடிப்புகள் விழும். அதன் மேல் தண்ணீர் கலந்த கறுப்போ நீலமோ பூசித் துணியால் துடைத்தால், மெழுகு இருக்கும் இடத்தில் நிறம் நிற்காது, வெடிப்பில் மட்டும் இறங்கும். பாத்திக் துணியில் வரும் கோடுகள் இப்படி வருபவைதான். பருத்தி இழையால் ஆன தாள் என்பதால் கசக்கலைத் தாங்கும். மடிக்கவும் செய்யலாம், உதிராது. வாழ்த்து அட்டைக்குப் பெரியவர்களும் இதையே பயன்படுத்தலாம்.

முட்டை ஓடு இன்னொரு வழி. வியட்நாமின் அரக்கு ஓவியங்களில் வெள்ளை நிறத்துக்கு முட்டை ஓட்டையே நொறுக்கிப் பதிப்பார்கள். வீட்டில் ஓட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, உள்ளே இருக்கும் மெல்லிய தோலை உரித்து, காய வைத்து, பசை பூசிய அட்டையில் துண்டு துண்டாக வைத்து விரலால் அழுத்தினால் சடசடவென்று நொறுங்கிப் பதியும். இதில் வெடிப்பு வராமல் போக வழியே இல்லை.

விழாவுக்குப் பரிசு செய்கிறவர்கள் குறைந்தது பத்து நாள் முன்பே தொடங்குவது நல்லது. அதே காகிதத்தில் நான்கு விரல் அகலத்துக்கு மூன்று துண்டு வெட்டி, ஒன்றில் ஐந்து நிமிடம், ஒன்றில் பத்து, ஒன்றில் இருபது நிமிடம் பசையைக் காய விட்டு மேல் நிறம் பூசிப் பார்க்க வேண்டும். அந்த வாரத்து வானிலைக்கு எது சரி என்று அந்தத் துண்டுகளே சொல்லிவிடும். துண்டின் பின்னால் நிமிடத்தையும், மழையா வெயிலா என்பதையும் பென்சிலில் குறித்துவைத்தால் அடுத்த ஃபிரேமுக்கு உதவும். ஃபெவிகால் பிரஷ்ஷை மட்டும் உடனே கழுவிவிட வேண்டும். அரை மணி நேரம் மறந்தால் அது பிரஷ் இல்லை, குச்சி.